சங்குக்கும் தண்ணீருக்கும் நடுவில்

மின்வாரிய வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு மேடையில் பேச வராது. பழனிசெட்டிபட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, எங்கள் காலத்தில் என்று ஆரம்பிக்க எனக்குத் தெம்பும் இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மெஷினைப் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த இடத்துக்குப் பெயர் கிடையாது. பஸ்ஸில் 'கேம்ப்' என்று சொன்னால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிடுவார். கம்பத்தைத் தாண்டி, குமுளிக்கு ரோடு மலையேறுவதற்கு முன்னால், அடிவாரத்தில் இருக்கிறது. பவர் ஹவுஸ் கட்ட வந்தவர்கள் தகரக் கொட்டகை போட்டார்கள். கட்டி முடித்ததும் கொட்டகையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடுகள் கட்டினார்கள். பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், ரேஷன் கடை, ஷட்டில் ஆடக் களம், ஒரு பிள்ளையார் கோயில், வேதக்காரர்களுக்கு மாதா சிலை வைத்த ஒரு கெபி, எல்லாம் வந்தன. சுடுகாடு மட்டும் வரவில்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை. ரிட்டயர் ஆன அன்றைக்கே குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதால் அங்கே கிழவர்களே கிடையாது. யாராவது செத்தாலும் வேன் வைத்துச் சொந்த ஊருக்கு எடுத்துப் போய்விடுவோம். எல்லோரும் எங்கிருந்தோ வந்து, சம்பளம் வரும் வரைக்கும் இருந்துவிட்டுப் போகிற ஊர்.

அழகான ஊர் என்று பொய் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் துணி காயாது. அட்டை கடிக்கும். கூப்பிடு தூரத்தில் ஒரு டாக்டர் கிடையாது. இப்போது பாதி வீடுகளில் குரங்கு குடித்தனம் நடத்துகிறது. அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் அழுகை வரவில்லை. மின்சாரத்துக்காக உண்டான ஊர், ஆட்கள் தேவைப்படாமல் போனதும் காலியாகிறது. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அந்த ஊரில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். மலைக்கு மேலே தேக்கிய தண்ணீர் பெரிய குழாய்களில் இறங்கி, மின்சாரம் எடுக்கும் மெஷினைச் சுழற்றிவிட்டு, பவர் ஹவுஸுக்குப் பின்னால் ஆற்றில் விழும். மெஷின் நின்றால் ஆறு வற்றிப் பாறை தெரியும். மெஷின் ஓடினால் வானத்தில் பொட்டு மேகம் இல்லாமலே வெள்ளம் வரும். அதனால் மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் மூன்று முறை சைரன் சங்கு ஊத வேண்டும். ஊதிவிட்டுக் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, அப்புறம் தண்ணீரை விட வேண்டும். இதுதான் விதி. சுற்று வட்டாரத்தில் துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது பால்குடியிலேயே தெரியும். சங்கு கேட்டதும் சோப்பை அங்கேயே போட்டுவிட்டுக் கரையேறிவிடுவார்கள். மாடுகள்கூடத் தானாக ஏறும் என்று எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். சங்கு ஊதினால் உலகத்துக்கே புரியும் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஷிப்டுக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். பிள்ளைகள் இதே பக்கம்தான் இருக்கிறார்கள். அனுமந்தன்பட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் ஷிப்டுக்கு வர மாட்டார். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சிடுமூஞ்சி. யாருக்கும் எதையும் உட்கார வைத்துச் சொல்லித்தந்தவர் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் திட்டுவார், டீ குடித்த டம்ளரை மேஜையில் வைத்தால் திட்டுவார். ஆனால் விதியை ஒரு நூல்கூட மீற மாட்டார்.

கார்த்திகை, மார்கழியில் எங்கள் ரோடு முழுக்க ஐயப்ப சாமிமார்கள் வேனாகத்தான் இருக்கும். மலையேறுவதற்கு முன்னால் ஆற்றில் இறங்கிக் குளித்து, பாறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு நாள். கீழே நல்ல மழை பெய்து வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாததால் மெஷின்கள் நின்றிருந்தன. மதியம் ஓட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணன் மூன்று முறை சங்கு ஊதினார். கடிகாரத்தைப் பார்த்தபடி விதிப்படி காத்திருந்தார். பிறகு ஓட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

பாலத்துக்குக் கீழே ஆறு வளைகிற இடம் கண்ட்ரோல் ரூமிலிருந்து தெரியாது. அங்கே கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு இருந்தது. தண்ணீர் வருவதைப் பார்த்ததும் அலறியடித்துக்கொண்டு எல்லோரும் கரையேறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் திரும்பி இறங்கினார். அவருடைய இருமுடி பாறையில் இருந்தது. விரதமிருந்து கட்டிய இருமுடிக் கட்டை விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. மறுநாள் உத்தமபாளையம் பக்கத்தில் கிடைத்தார்.

விசாரணை நடந்தது. சங்கு ஊதியதை ஊரே சாட்சி சொன்னது. சங்கு கேட்டதா என்று அந்தக் குழுவின் குருசாமியைக் கேட்டார்கள். "கேட்டுதுங்க. எங்கூரு மில்லுல சங்கு ஊதுனா சோத்து நேரமுங்க. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சு எலையப் போட்டு உக்காந்துட்டமுங்க" என்றார். அவர் யார்மேலும் கோபப்படவில்லை. எங்களைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் மீது தவறில்லை என்று எழுதி முடித்தார்கள். நாங்கள் கைகுலுக்கப் போனபோது அவர் கையை நீட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் இலையில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடத் தட்டு கேட்டு வாங்குவார். விஷயம் தெரியாதவர்கள் சர்க்கரை வியாதிக்கு ஏதோ வைத்தியம் போல என்று நினைத்துக்கொண்டார்கள். சங்கு ஊதினால், ஷிப்டு இல்லாத நாளிலும், சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு அனுமந்தன்பட்டிக்குப் போய்விட்டார்.

ஆபீஸ் தரப்பில் ஆற்றங்கரையில் ஒரு போர்டு வைத்தார்கள். சங்கு ஊதினால் ஆற்றை விட்டு வெளியேறவும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. நல்ல உயரமான, அகலமான போர்டு. சாமிமார்கள் குளித்துவிட்டு வேட்டியை அதன்மேல்தான் காயப்போட்டார்கள்.

வருஷங்கள் ஓடின. அண்ணன் உட்கார்ந்த நாற்காலிக்கு நான் வந்தேன். எனக்குத் தேனிக்குப் பதவி உயர்வு வர வேண்டிய நேரம். அதற்காக வீட்டில் ஒரு தவமே நடந்துகொண்டிருந்தது. கேம்ப் பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் விடிவதற்குள் எழுந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தன. சின்னவள் ஒருமுறை படியிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். தேனிக்குப் போய்விடலாம் என்பதுதான் என் மனைவி அந்த வீட்டில் ஒவ்வொரு நாளையும் ஓட்டிய மந்திரம். எதை வாங்கினாலும் 'தேனிக்குப் போயிப் பிரிச்சுக்கலாம்' என்று அட்டைப்பெட்டியோடு பரண்மேல் வைத்துவிடுவாள்.

அப்போது ஒரு மார்கழி. மெஷின்கள் நின்றிருந்தன. காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டி, கேன்டீன் நடத்தும் சவரியம்மாக்கா டீயும் வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பாலத்துக்கிட்ட ரெண்டு வேன் நிக்குது சார். சாமிமாருக. புதுசா வந்தவுக போல. இந்தப் பாதை எங்கன போகுதுன்னு என்கிட்டயே கேட்டாக."

நான் வடையைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற லோடு டெஸ்பாட்ச் அலுவலகம். எங்கேயோ ஒரு பெரிய அனல்மின் நிலையம் நின்றுவிட்டது, உடனே மெஷினைப் போடுங்கள் என்றார்கள். உங்களுக்குத் தெரியும், அப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் முதலில் கூப்பிடுவது தண்ணீர் மெஷினைத்தான். சங்கு ஊதினேன். மூன்று முறை. கூடவே, காமயகவுண்டன்பட்டியிலிருந்து வேலைக்கு வரும் ஹெல்பர் பாண்டியைக் கூப்பிட்டு, பாலத்துக்குப் போய் வளைவுக்குக் கீழே நன்றாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவன் டிவிஎஸ் பிஃப்டியை உதைத்துக்கொண்டு போனான்.

காத்திருக்க வேண்டிய நேரம் முடிந்தது. பாண்டி வரவில்லை. வளைவில் செல்போன் எடுக்காது. போன் மறுபடியும் அடித்தது.

"சங்கு ஊதியாச்சா?"

"ஊதியாச்சு சார்."

"டைம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"அப்புறம் என்ன? ஓட்டுங்க."

"ஆத்தைப் பாக்க ஆள் போயிருக்கு சார். வந்ததும் ஓட்டிர்றேன்."

"ஆள் அனுப்பணும்னு ரூல் இருக்கா?"

"இல்ல சார்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க பேரச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஒருவர் நின்றுகொண்டிருந்திருப்பார்.

அடுத்து மதுரையிலிருந்து எங்கள் மேலதிகாரியே கூப்பிட்டுவிட்டார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் என்னோடு ஷிப்டில் இருந்த பையன், அவனும் உங்களை மாதிரிப் படித்துவிட்டுப் புதிதாக வந்தவன்தான், மெதுவாகச் சொன்னான்: "சார், நாம ஓட்டாட்டி எங்கயோ கரண்டு போகும். அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கும். அங்கயும் ஆளுக இருக்காக சார்."

அவன் சொன்னது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: அங்கே கரண்டு போனால் அதைப் பார்ப்பதற்கு யாராவது ஒருவர் அங்கே இருப்பார். ஜெனரேட்டரைப் போட ஓடுவார். இந்த வளைவைப் பார்க்க இந்த நேரத்தில் பாண்டியை விட்டால் ஆள் கிடையாது. சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பது என் கை. நான் சங்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இலையைப் போட்டு உட்கார்ந்தவர்கள்தான் கண்முன்னால் வந்தார்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டி நடந்து வந்தான். வண்டி வழியில் நின்றுவிட்டதாம். மூச்சு வாங்கியது.

"யாருமில்ல சார். பாறை, புதரு, பாலத்துக்கு அடியில, அம்புட்டும் பாத்துட்டேன். சாமிமாரெல்லாம் மேல கோயில் மண்டபத்துல படுத்துத் தூங்குறாக. ராத்திரி பூரா வண்டியில வந்த அசதி."

நான் போனை எடுத்து, ஓட்டுகிறோம் என்றேன். வேண்டாம் என்றார்கள். வேறு ஒரு நிலையம் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டது, அதற்குள் சில ஊர்களில் கரண்டை நிறுத்த வேண்டியதாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மேஜையில் வடை ஆறிக் கிடந்தது. அந்த சாமிமார்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, எங்கள் கேன்டீனுக்கே வந்து டீ குடித்துவிட்டு, சரணம் சொல்லிக்கொண்டு மலையேறிப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிய வேண்டிய ஒன்று நடக்கவும் இல்லை.

மெமோ வந்தது. மதுரைக்குப் போய் நின்றேன். ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

"ஆத்துல யாராவது இருந்தாங்களா?"

"இல்ல சார்."

"ஒருத்தராவது?"

"இல்ல சார்."

ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் எனக்கு மாலை போட்டிருப்பார்கள். படம்கூடப் போட்டிருப்பார்கள். ஆறு காலியாக இருந்ததால் நான் உத்தரவை மீறியவன். இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் எனக்குப் பின்னால் இருந்தவர் தேனிக்குப் போனார். அவர் நல்ல மனிதர். சொல்லிக்கொள்ளக்கூட வந்தார்.

என் மனைவி அன்றைக்கு விளக்குகூடப் போடவில்லை. "ஊரு பேரு தெரியாதவுகளுக்கெல்லாம் பாக்குறீக. வீட்டுல இருக்கறவுகளுக்கு எப்பப் பாப்பீக?" என்று மட்டும் கேட்டாள். பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி மிக்சியை வெளியே எடுத்து வைத்தாள். இனிமேல் எங்கேயும் போகப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம். அதன்பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அலுத்துப்போய்விட்டது. அண்ணன் மாதிரி விதியைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கலாமே என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆறுதான் காலியாக இருந்ததே, ஓட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதே என்று நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

நீங்கள் இனிமேல் தேனியில் ஏசி அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து அந்த மெஷினை ஓட்டப் போகிறீர்கள். பட்டனைத் தட்டினால் சங்கு தானாக ஊதும். ஊதிவிட்டது என்று திரையில் பச்சையாகக் காட்டும். வளைவில் கேமராவும் வைத்திருக்கிறார்களாம். அந்த இடத்தின் சிலந்திகளை எனக்குத் தெரியும். ஒரே மழையில் கண்ணாடி முழுக்க வலை பின்னிவிடும். பச்சை விளக்கு சங்கு ஊதியதைத்தான் சொல்லும், கேட்டவர்களுக்குப் புரிந்ததா என்று அதற்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வர ஒரு ஆளை அனுப்புங்கள். பெரும்பாலும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். உங்களுக்கும் மெமோ வரும். இதற்கு மேல் உங்களைத் தேற்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மெமோ விஷயம் எல்லா இடத்துக்கும் பரவி, அனுமந்தன்பட்டிக்கும் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளை வேட்டியோடு அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ரிட்டயர் ஆனபின் அவர் கேம்ப்புக்கு வந்தது அதுதான் முதல்முறை. உடம்பு நன்றாக வற்றியிருந்தது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல என் நாற்காலி கோணலாகக் கிடக்கிறது என்று திட்டிவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"ஆத்துல யாரும் இல்லியாமே?" என்றார்.

அவரும் கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "இல்லண்ணே" என்றேன்.

"நல்லாப் பாத்தானா அந்தப் பய?"

"பாத்தாண்ணே. பாறை, புதரு, பாலத்துக்கு அடியில, எல்லாம்."

"வளைவுல?"

"வளைவுலயும் பாத்துட்டான்."

"பாறை மேல கட்டு கிட்டு எதுவும் இல்லியே?"

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மதுரையில் கேட்ட கேள்வியை அவர் கேட்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது என்னுடைய ஆற்றைப் பற்றியே இல்லை.

"ஒண்ணும் இல்லண்ணே. வெறும் பாறை."

"இன்னொரு தடவ சொல்லு."

"ஆத்துல யாருமே இல்லண்ணே. நல்லாப் பாத்தாச்சு. சாமிமாரெல்லாம் மேல மண்டபத்துல தூங்குறாக. இனி தண்ணி விடலாம்."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. என் மனைவி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அண்ணே, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு, அவர் பழக்கம் தெரிந்தவள் என்பதால் அலமாரியிலிருந்து தட்டை எடுத்தாள்.

"தட்டு வேணாம் ஆத்தா," என்றார் அண்ணன். "எலை இருந்தா எலையிலயே போடு."

அவள் என்னைப் பார்த்தாள். அத்தனை நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்: "போயி நல்ல தலைவாழையாப் பாத்து அறுத்துட்டு வாங்க." நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.